'இன்ஃப்ளக்ஸ்' என்னும் சொல்லும் சிராங்கூன் சாலையும்



தொடக்கநிலை ஐந்தில் பயிலும் மாணவி ஒருத்தி, சிங்கப்பூர் வரலாறு பற்றிய ஆங்கில நூலில் தான் கண்ட 'இன்ஃப்ளக்ஸ்' என்னும் சொல்லுக்குத் தமிழ் கேட்டாள். 'உட்பாய்வு' எனலாம். ஆனால் 'தமிழர்களின் உட்பாய்வு' என்று எழுதினால் யாருக்கு விளங்கும்?

இலத்தீனில் 'ஃப்ளுவெரே' என்றால் பாய்தல். 'இன்' என்றால் உள்ளே. 'இன்ஃப்ளுவென்ஸ்', 'இன்ஃப்ளுவென்சா' ஆகியவையும் இவ்வேரில் பிறந்தவையே. விண்மீன்களிலிருந்து ஏதோவொன்று மாந்தருக்குள் பாய்ந்து அவர்களை ஆட்டுவிக்கிறது என்று ஐரோப்பியர் நம்பிய காலத்துச் சொற்கள் அவை. (சளிக்காய்ச்சலுக்கும் வானத்தையே பழித்திருக்கிறார்கள்!) நீரின் பாய்வைக் குறித்த 'இன்ஃப்ளக்ஸ்', பின்னர் மக்களுக்கும் பணத்துக்கும் ஏறியது. 'இன்ஃப்ளோ' என்பது நிதானமான வரவு. 'இன்ஃப்ளக்ஸ்' என்பதோ திரளாகவும் விரைவாகவும் வருவது. அதில் சிறிது அச்சமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் இதற்கு அண்மையான சொல் 'வரத்து'. மேட்டூர் அணைக்கு நீர்வரத்து, சந்தைக்குக் காய்கறி வரத்து என்று நாளிதழ்களில் படிக்கிறோம். மக்களைக் குறிக்கும்போது மட்டும் நம் மொழி அதைத் தனியே விடுவதில்லை; முன்னே 'போக்கு' சேர்த்துப் 'போக்குவரத்து' என்கிறது. இவ்வேறுபாட்டைப் பாடவேளையில் விளக்கியபோதுதான், நம் வரலாற்றையே இச்சொற்களைக் கொண்டு அளந்து பார்க்கலாமே என்று தோன்றியது.

1819 மே மாதம் நாராயண பிள்ளை பினாங்கிலிருந்து இங்கு வந்தார். அவர் தாமே விரும்பி வந்தவர். 1825இல் பென்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் அவ்வாறு வந்தவர்கள் அல்லர். இன்றுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இஸ்தானாவையும் எழுப்பியதில் கைதிகளின் உழைப்பு உண்டு. பள்ளம் கண்டால் நீர் தானாகப் பாயும். இவர்களோ விலங்கிட்டு அனுப்பப்பட்டவர்கள். 'பாய்வு' என்று எழுதும்போது, அனுப்பியவர் யார் என்னும் கேள்வி மறைந்துவிடுகிறது. பிற்காலத்தில் கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டியதற்கும் இது பொருந்தும்.

சிராங்கூன் சாலையின் கதை வேறு. ரோச்சோர் ஆற்றை ஒட்டி நீரும் புல்லும் இருந்தமையால் அங்கு மாட்டு வணிகம் தழைத்தது. மாடுகளை நாடி மனிதர்கள் வந்தார்கள். 'கண்டாங் கெர்பாவ்' என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பதே பொருள். சுண்ணாம்புச் சூளைகள் இருந்த பகுதியை நம்மவர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றழைத்தனர். இன்று தேக்காவில் மளிகை வாங்கும் பிள்ளைகளுக்கு இப்பெயரைச் சொல்லிக்கொடுங்கள், வியப்படைவார்கள்.

வந்தவர்கள் அனைவரும் தங்கினரா? இல்லை. 1957 வரையிலான ஏறத்தாழ 170 ஆண்டுகளில் சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவுக்கு வந்த இந்தியர் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பது வரலாற்றாய்வாளர் கெர்னியல் சிங் சாந்துவின் கணிப்பு. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் திரும்பிச் சென்றுவிட்டனர். 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. 1950களில் இங்கும் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. ஆயினும் கப்பல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் தமிழர்களை ஏற்றிவந்தது. அதே கப்பலில்தான் பலர் ஊர் திரும்பினர். பின்னர் ஓடிய 'சிதம்பரம்' 1985இல் தீ விபத்துக்குள்ளானது.

அணையைப் பற்றிய செய்தியில் வரத்தை மட்டும் எழுதி வெளியேற்றத்தை விட்டுவிட்டால், அணை நிரம்பி வழிவதாகவே படிப்பவர் எண்ணுவார். மக்களைப் பற்றி எழுதுவோர் இதைத்தான் செய்கிறார்கள் என்பது என் கருத்து. 2013 ஜனவரியில் மக்கள்தொகை வெள்ளை அறிக்கை வெளியானபோதும், அவ்வாண்டு டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் கலவரம் நிகழ்ந்தபோதும் வெளிநாட்டவர் 'வெள்ளம்', 'படையெடுப்பு' போன்ற பேச்சுகள் என் காதிலும் விழுந்தன. ஞாயிறு மாலைகளில் அங்கு கூடும் ஊழியர்கள் வேலை அனுமதிச் சீட்டோடு வந்தவர்கள்; அது முடிந்ததும் திரும்பிச் செல்ல வேண்டியவர்கள். அவர்களை வெள்ளம் என்று சொல்லக் கேட்டு வளரும் பிள்ளை, தன் பாட்டனார் வந்த கதையையும் அப்படித்தானே வாசிக்கும்?

எனவே அம்மாணவிக்கு, மக்களைக் குறிக்குமிடத்துப் 'பெருவருகை' என்றும், நீருக்கும் பொருளுக்கும் 'வரத்து' என்றும் எழுதிக்கொடுத்தேன். இதைவிடச் சிறந்த சொல் உங்களிடம் இருப்பின் தெரிவியுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் மாணவர்கள் வீட்டுக்கு ஒரு தாள் கொண்டுவருவார்கள். அதில் 'வந்தோர்', 'சென்றோர்' என இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு அவர்களே நிரப்பிவிடுவார்கள். இரண்டாவதற்குப் பெற்றோரின் உதவி வேண்டும். ஊரோடு போய்விட்ட பெரிய தாத்தாவையும் சின்னப் பாட்டியையும் பற்றிப் பிள்ளைகள் பெரும்பாலும் கேள்விப்பட்டதே இல்லை.