பதினாலு இஞ்ச் பெட்டியும் ஒரு வீடியோ கேசட்டும்

மலர்க்குழுவில் இருக்கும் நண்பன் ஒருநாள் காலையில் போன் செய்தான். "டேய், உன் வீட்ல பழைய டி.வி., டெக்கு, வீடியோ கேம்னு ஒரு ரூம் பூரா அடைச்சு வச்சிருக்கியாமே, தங்கச்சி பொலம்புச்சு. அதையே வரலாறு மாதிரி நாலு பக்கம் எழுதிக் குடு. மலர் அச்சுக்குப் போகுது" என்றான். வரலாற்றுத் தாளில் நான் எடுத்த மதிப்பெண் என் காலத்து நண்பர்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அரசர்களும் போர்களும் இல்லாத வரலாறு என்றால் எழுதிவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

எங்கள் ஊர் திட்டக்குடி. வெள்ளாற்றங்கரை. ஆற்றைத் தாண்டினால் வேறு மாவட்டம். நாங்கள் கல்லூரியில் படித்தபோது எங்களுடையது தென்னாற்காடு மாவட்டம். 1993-ல்தான் கடலூர் மாவட்டம் ஆனது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி தொடங்கியது என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்தோமே தவிர, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த எங்களுக்கு அது வெகுகாலம் வெறும் செய்திதான். எங்களுக்கு ரேடியோதான் எல்லாம். அதற்கும் அந்தக் காலத்தில் லைசென்ஸ் உண்டு, தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டும் என்று சொன்னால் இன்றைய மாணவர்கள் சிரிப்பார்கள். எண்பதுகளின் நடுவில்தான் அது ஒழிந்தது.

டி.வி. என்று ஒன்று எங்கள் தெருவுக்கு வந்தபோது அது சாலிடேர், கறுப்பு வெள்ளை. பனைமர உயரத்துக்குக் கம்பம் நட்டு, பூஸ்டர் போட்டு, ஒருவர் மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப, ஒருவர் கீழே நின்று "வருது, வருது... போச்சு" என்று கத்துவார். 1987 ஜனவரியில் ராமாயணம் தொடங்கியபோது அந்த வீட்டுக் கூடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்தோம் என்று எண்ணவே முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியை யாராவது போட்டால் எனக்குத் தெருவிலிருந்தே தெரிந்துவிடும். 'கீ...' என்று ஊசி மாதிரி ஒரு சத்தம். நம் நாட்டுத் தொலைக்காட்சிப் படம் 625 கோடுகளால் ஆனது. வினாடிக்கு 25 படம். ஆக வினாடிக்கு 15,625 கோடு. அந்தக் கணக்கில் கோடு இழுக்கும் டிரான்ஸ்பார்மர் போடுகிற சத்தம் அது என்பதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். சிறுவர்களுக்குக் கேட்கும். வயதானால் கேட்காது. இப்போது எனக்குக் கேட்பதில்லை. என் மகனுக்குக் கேட்கிறது. பழைய டி.வி.யைப் பழுது பார்த்துப் போடும்போது அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "சத்தம் வருதாடா?" என்றுதான் கேட்கிறேன்.

அடுத்தது டெக்கு. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் தோளில் டூ-இன்-ஒன் தூக்கி வந்த காலம் போய், அட்டைப் பெட்டியில் டெக்கு கொண்டு வந்தார்கள். சென்னைக்குப் போனால் பர்மா பஜார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் கலர் டி.வி.யும் டெக்கும் மூன்று நான்கு படங்களும் ஒருநாள் வாடகைக்கு வரும். விடிய விடிய ஓடும். மூன்றாவது படத்தின் நடுவில் ஹெட் அடைத்துக்கொண்டு படம் மழை பெய்யும். உடனே டெக்குக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சலவை நோட்டை எடுத்து உள்ளே விட்டு லேசாக ஒரு துடை துடைப்பார். படம் வந்துவிடும்! கூட்டம் கைதட்டும். அந்த ஹெட் வினாடிக்கு 25 சுற்று சுற்றுகிற நுட்பமான பொருள், நோட்டால் தேய்ப்பது மகா பாவம் என்று இன்று தெரிகிறது. அன்று அவர்தான் எங்களுக்கு விஞ்ஞானி.

நம் கல்லூரிக்கும் அந்த டெக்கு வந்தது. 1991 விடுதி நாள் விழாவை வீடியோ எடுத்தோமே, நினைவிருக்கிறதா? வரி போட்டு வசூலித்து, வீடியோகிராபரை வரவழைத்து, விளக்கு வெளிச்சத்தில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றோம். அந்தக் கேசட்டை ஒருமுறை விடுதி டி.வி. அறையில் போட்டுப் பார்த்தோம். அதன்பிறகு யார் யார் கையிலோ போய், கடைசியில் என் இரும்புப் பெட்டிக்குள் வந்து படுத்துவிட்டது. அதைப்பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வீடியோ கேம் எங்களுக்குப் படிப்பு முடிந்த சமயத்தில்தான் வந்தது. ஜப்பானில் நின்டென்டோ நிறுவனம் 1983 ஜூலை 15-ல் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற பெட்டியை வெளியிட்டது. அது நம் நாட்டுக்குத் தன் சொந்தப் பெயரில் வந்ததைவிட, வேறு பெயர்களில், நகல்களாக வந்ததுதான் அதிகம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 'சாமுராய்' என்ற பெயரில் ஒன்று; மீடியா நிறுவனத்தின் 'லிட்டில் மாஸ்டர்' என்று இன்னொன்று. அப்புறம் பர்மா பஜாரிலிருந்து பெயரே இல்லாதவை. மரியோவும் கான்ட்ராவும் தெரியாத பையன் அன்று கிடையாது. கேசட்டின் மேல் லட்சக்கணக்கில் ஆட்டம் இருப்பதாகப் போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வரும். அந்த ஏமாற்றத்தைக்கூட நாங்கள் ரசித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் சேகரிக்கத் தொடங்கியது எந்தத் திட்டத்தோடும் அல்ல. அக்கா வீட்டுப் பரணில் கிடந்த லிட்டில் மாஸ்டரைக் குப்பையில் போடப்போனார்கள், வாங்கி வந்தேன். பிறகு ஒரு டூ-இன்-ஒன், ஒரு டெக்கு, ஒரு ரெக்கார்டு பிளேயர் என்று சேர்ந்துவிட்டது. சேர்ப்பது சுலபம் ஐயா, ஓட வைப்பதுதான் பாடு. கேம் கேசட் வேலை செய்யவில்லை என்றால் நாம் எல்லோரும் என்ன செய்தோம்? 'ஃபூ' என்று ஊதினோம். சரியானதற்குக் காரணம் ஊதல் அல்ல, கழற்றி மாட்டியதுதான். ஊதியபோது போன ஈரம் உள்ளேயிருந்த செம்புப் பற்களை அரித்துக்கொண்டிருந்தது. இன்று அவற்றை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைக்கிறேன். பச்சை பிடித்திருந்தால் பென்சில் ரப்பர். கண்டன்சர் காய்ந்து போயிருந்தால் ஈயப்பற்றை உருக்கி எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம். சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்தான். ஆனால் நகல் பெட்டிகளின் போர்டில் ஒரு கறுப்புச் சொட்டு இருக்கும். தார் விட்ட மாதிரி. அதன் அடியில்தான் சிப் புதைந்திருக்கிறது. அது போனால் போனதுதான், மாற்ற வழியில்லை. விலையைக் குறைக்கச் செய்த அந்தச் சிக்கனம்தான் இன்று அவற்றைச் சாகடிக்கிறது.

இதையெல்லாம் எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன். எழுபது தாண்டிவிட்டது. கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கை மட்டும் நடுங்குவதில்லை.

ஒருநாள் என் மகன் லிட்டில் மாஸ்டரை வீட்டிலிருந்த பெரிய எல்.இ.டி. டி.வி.யில் மாட்டினான். வாத்து சுடும் ஆட்டம். துப்பாக்கியைத் தூக்கிச் சுடுகிறான், சுடுகிறான், ஒரு வாத்துகூட விழவில்லை. நாய் எழுந்து நின்று சிரிக்கிறது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினோம். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "துப்பாக்கியில ஒண்ணும் இல்ல தம்பி. உங்க டி.வி.தான் சரியில்ல. அம்மா வீட்ல கலைஞர் டி.வி. இருக்குமே, அத எடுத்துட்டு வாங்க" என்றார்.

இளைய மாணவர்களுக்காக ஒரு விளக்கம். 2006 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பெட்டிகள் கொடுத்தார்கள். எல்லாம் பதினாலு இஞ்ச், பிக்சர் டியூப் வைத்தவை. அதன் அரசியலை இங்கே பேசப்போவதில்லை. ஆனால் உலகம் முழுக்கத் தட்டை டி.வி.க்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், குடிசை வீடு வரைக்கும் பிக்சர் டியூப் போய்ச் சேர்ந்த ஊர் நம்முடையது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

அம்மா வீட்டுப் பெட்டியில் மாட்டியதும் முதல் குண்டிலேயே வாத்து விழுந்தது. காரணம் இதுதான். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கியின் கண் அந்த வெளிச்சத்தை அந்தக் கணத்திலேயே பார்க்க வேண்டும். பிக்சர் டியூப் வந்த சிக்னலை வந்தபடியே கோடு கோடாக வரைந்துவிடும். புது டி.வி. படத்தை வாங்கி, யோசித்து, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டுகிறது. அதற்குள் துப்பாக்கி 'குறி தவறிவிட்டது' என்று முடிவு செய்துவிடுகிறது.

அன்றிலிருந்துதான் எனக்குப் புத்தி வந்தது. அபூர்வமான பொருளை யாராவது பத்திரப்படுத்துவார்கள். எல்லார் வீட்டிலும் இருப்பதைத்தான் யாரும் வைத்துக்கொள்வதில்லை. தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பு நிலையங்களில் பெரும்பாலானவற்றை 2022-க்குள் மூடிவிட்டது. கேபிளும் டிஜிட்டல் ஆகிவிட்டது. இலவச டி.வி. மூலைக்குப் போய், கோழி அடைக்கும் பெட்டியாகி, இப்போது பழைய இரும்புக் கடைக்கு வந்துகொண்டிருக்கிறது. அங்கே குழாயின் கழுத்தை உடைத்து, சுற்றியிருக்கும் செம்புக் கம்பியை மட்டும் உருவிக்கொள்கிறார்கள். மீதிக் கண்ணாடி வெள்ளாற்றங்கரைப் பள்ளத்தில். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் அது எங்கே போகும் என்று கேட்டால் கடைக்காரர், "எல்லாரும் அங்கதான் சார் கொட்றாங்க" என்கிறார். அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி விற்காமல் போன கேசட்டுகளை 1983-ல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் புதைத்தது. 2014-ல் தோண்டி எடுத்தார்கள்; அதில் ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கே போனது. நம் ஆற்றங்கரையைத் தோண்டினால் கிடைக்கப்போவது உடைந்த கண்ணாடிதான்.

இனி அந்தக் கேசட்டுக்கு வருகிறேன். போன வருஷம் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். 'விடுதி நாள் 91' என்று பேனாவில் எழுதியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் நாடா ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே போட்டால் பூஞ்சை ஹெட்டில் அப்பி இரண்டுமே நாசமாகும். அண்ணனும் நானும் கேசட்டைப் பிரித்து, நாடாவைக் கையால் மெல்லச் சுற்றிச் சுற்றி, உலர்ந்த துணியால் மூன்று ஞாயிற்றுக்கிழமை துடைத்தோம். அடுத்து டெக்கு. அதன் ரப்பர் பெல்ட் உருகி வெல்லப்பாகு மாதிரி ஒட்டியிருந்தது. கடைசி டெக்கு செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. உதிரி பாகத்துக்கு இன்னொரு செத்த டெக்கைத்தான் அறுக்க வேண்டும். அறுத்தோம்.

படம் வந்தது. பதினோரு நிமிஷம். மேடை, சீரியல் விளக்கு, வார்டன் பேச்சு, நம் ஆட்கள் மூன்று பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடிய ஆட்டம். அந்த மூவரில் ஒருவன் இப்போது இல்லை. அவன் வீட்டில் இருப்பது ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மட்டும். இதில் அவன் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். குரல் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை. அதன்பிறகு நாடா சுருங்கிய இடம். ஹெட் இரண்டும் தேய்ந்தது என்பதால் மீதியைப் படிக்க மறுக்கிறது. கிடைத்த பதினோரு நிமிஷத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். கேசட்டில் இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, உங்கள் பரணில் டெக்கு இருந்தால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் சரி, எடைக்குப் போடாமல் எனக்கு ஒரு போன் போடுங்கள். அண்ணன் "கண்ணு இருக்கறப்பவே பார்த்துடலாம் தம்பி" என்கிறார். சந்திப்பு நாளன்று பதினாலு இஞ்ச் பெட்டி இரண்டையும் லிட்டில் மாஸ்டரையும் துப்பாக்கியோடு கொண்டு வருகிறேன். பதினோரு நிமிஷத்தையும் போட்டுக் காட்டுகிறேன். விழாக் குழுவினர் மண்டபத்தின் இருட்டான மூலையில் ஒரு மேசையும், நல்ல பிளக் பாயின்ட் இரண்டும், ஒரு ஸ்டெபிலைசரும் மட்டும் ஏற்பாடு செய்து வைக்கவும்.