எரிந்த காட்டில் கூடு கட்டும் குருவி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநில வரைபடத்தைப் பிரித்தால், என்னைப் போல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குச் சில பெயர்கள் தாமாகவே அர்த்தம் சொல்லும். டெட்ராய்ட் என்பது 'தெத்ருவா', அதாவது ஜலசந்தி. மாநிலத்தின் வடபாகத்தில் 'ஓ சாபிள்' என்று ஓர் ஆறு ஓடுகிறது. 'சாபிள்' என்றால் மணல். அந்தக் காலத்தில் அங்கே போன பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவந்த பெயர். பெயருக்கேற்ற மணல் பூமிதான். மழை பெய்த சுவடே தெரியாமல் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். இன்றைய கதை முழுவதும் அந்த மணலின் மேல்தான் நடக்கிறது.

அந்த மணலில் வளரும் மரம் ஜாக் பைன். (பிரெஞ்சில் 'பேன் க்ரி', சாம்பல் பைன். தமிழில் எழுதினால் தலைப்பேன் நினைவுக்கு வருவதால் ஜாக் பைன் என்றே வைத்துக்கொள்வோம்.) இதன் காய்கள் பிசினால் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் வாய் மூடிக் கிடக்கும். காட்டுத்தீ வந்து பிசின் உருகினால்தான் திறந்து விதையைக் கொட்டும். தாய்மரம் கருகிப்போகும், அதன் சாம்பலில் கன்றுகள் கும்பலாக முளைக்கும்.

அந்தக் கன்றுகளை நம்பி வாழ்வது கர்ட்லண்ட் வார்ப்ளர் என்ற சிறு பறவை. நீலச்சாம்பல் முதுகு, மஞ்சள் வயிறு, எடை சுமார் 14 கிராம். குளிர்காலத்தைப் பஹாமாஸ் தீவுகளில் கழித்துவிட்டு மே மாதம் மிச்சிகனுக்குத் திரும்பும். கூடு கட்டுவது தரையில், ஜாக் பைனின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில். மரத்துக்கு 5 வயதாவது ஆகியிருக்க வேண்டும். 20 வயது தாண்டினால் வேண்டாம். மரம் உயர உயர அடிக்கிளைகள் நிழலில் காய்ந்துவிடும், கூட்டுக்கு மறைவு இருக்காது. இத்தனை நிபந்தனை போடும் குடித்தனக்காரருக்கு நம்மூரில் வீடே கிடைக்காது.

ஒஹையோவில் 1851-இல் கிடைத்த ஒரு பறவையை வைத்து, ஜாரெட் கர்ட்லண்ட் என்ற மருத்துவரின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். ஆனால் இது எங்கே கூடு கட்டுகிறது என்பது அரை நூற்றாண்டு யாருக்கும் தெரியாது. 1903-இல்தான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நார்மன் வுட் ஓ சாபிள் ஆற்றுப் பக்கத்தில் முதல் கூட்டைக் கண்டுபிடித்தார். மரக்கம்பெனிகள் பெரிய பைன் மரங்களை வெட்டி எடுத்துக்கொண்டு, கிளைகளையும் சருகுகளையும் அப்படியே போட்டுவிட்டுப் போன காலத்தை ஒட்டிய சமயம் அது. தீ அடிக்கடி பிடித்தது, பறவைக்குக் கொண்டாட்டம். பிறகு வனத்துறை வலுப்பெற்றது. கோபுரங்கள் கட்டி, புகை தெரிந்த இடத்துக்கெல்லாம் ஓடி அணைத்தார்கள். மனிதருக்கு நல்லதுதான். ஜாக் பைன் கிழடாயிற்று, குருவிக்கு இடமில்லாமல் போயிற்று.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கௌபேர்ட் என்ற பறவை, நம் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது போல, வார்ப்ளர் கூட்டில் முட்டையிடும். சமவெளியில் காட்டெருமை மந்தைகளைப் பின்தொடர்ந்து திரிந்த இது, காடழிந்து வயல்கள் வந்ததும் மிச்சிகன் வரை பரவிவிட்டது. இதைப் பற்றி ஆரம்பத்தில் எழுதியவர்களில் ஒருவர் நேதன் லியபோல்ட். அவருடைய கட்டுரை 1924-இல் பறவையியல் இதழில் வந்தது. அதே ஆண்டில் சிகாகோவில் ஒரு சிறுவனைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்ற அதே லியபோல்ட்தான். இரண்டும் ஒரே ஆள் என்பதை ஜீரணிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

1951-இல் முதல் கணக்கெடுப்பு. பாடும் ஆண் பறவைகளை எண்ணினார்கள்: 432. பத்து ஆண்டு கழித்து 502. 1971-இல் 201. அதாவது பத்தே ஆண்டில் அறுபது சதவீதம் காணாமற்போயிற்று.

அரசு அதற்கு முன்பே சும்மா இருக்கவில்லை. 1950களின் கடைசியில் மாநில அரசும், 1960களின் தொடக்கத்தில் மத்திய வனத்துறையும் இதற்கென்று தனியாக நிலம் ஒதுக்கின. 1972-இல் கௌபேர்டுக்குக் கூண்டுப்பொறி வைக்கத் தொடங்கினார்கள். 1973-இல் அழியும் உயிரினச் சட்டம் வந்தது. 1975-இல் எல்லாத் துறையினரையும் சேர்த்து ஒரு மீட்புக் குழு. மாநில இயற்கைவளத் துறை, மத்திய வனத்துறை, மத்திய வனவிலங்குத் துறை மூன்றும் ஒரே திட்டத்தில் கையெழுத்திட்டு வேலை பார்த்தன. திட்டம் இதுதான்: 50 வயதான ஜாக் பைனை மொத்தமாக வெட்டி விற்பது, அந்த இடத்தில் நடுவில் திறந்த திட்டுகள் விட்டு நெருக்கமாகக் கன்று நடுவது. தீ செய்த வேலையை ரம்பமும் நடவு இயந்திரமும் செய்ய வேண்டும். பறவையைக் காப்பாற்றக் காட்டை மொட்டையடிக்கிறார்கள் என்று ஜனங்கள் முகம் சுளித்ததில் ஆச்சரியமில்லை. ஒரு சாக்கடைப் பாலத்துக்கு இரண்டு துறைகள் வருஷக்கணக்கில் கோப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டதை என் மேஜையில் பார்த்தவன் நான். மூன்று துறைகள் ஒரு 14 கிராம் குருவிக்காகச் சேர்ந்து உட்கார்ந்ததை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

ஆனாலும் எண்ணிக்கை ஏறவில்லை. 1974-இல் 167. 1987-இலும் 167. பொறிகளால் சரிவு நின்றது, அவ்வளவுதான். நட்ட கன்றுகள் போதிய பரப்பில் இல்லை.

இடையில் 1980 மே 5-ஆம் தேதி. மாயோ என்ற சிற்றூருக்கு அருகே மேக் லேக் பகுதியில், இந்தப் பறவைக்கு இடம் உண்டாக்குவதற்காகவே வனத்துறையினர் அளவாகத் தீ வைத்தார்கள். காற்று எழும்பியது, தீ கைமீறியது. சுமார் 24,000 ஏக்கர் எரிந்தது. வீடுகளும் மற்றக் கட்டடங்களுமாக 44 சாம்பலாயின. அணைக்கப் போன வனத்துறை ஊழியர் ஒருவர் இறந்துபோனார்.

எரிந்த மணலில் ஜாக் பைன் முளைத்தது. கன்றுகள் வயதுக்கு வந்ததும் பறவைகள் அங்கே குவிந்தன. 1990களில் எண்ணிக்கை ஏறியதில் பெரும்பங்கு அந்த எரிந்த நிலத்துக்கு உண்டு. சிலர் இதை 'தீமையிலும் ஒரு நன்மை' என்று எழுதுகிறார்கள். இறந்தவரின் வீட்டார் படிப்பார்கள் என்று நினைத்தால் அப்படி எழுதக் கை வராது. தீ காட்டிக் கொடுத்தது பரப்பைத்தான்: குருவிக்கு எவ்வளவு பெரிய இளங்காடு தேவை என்பது கண்ணெதிரே தெரிந்தது. அதற்குப் பிறகு துறைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் வெட்டுவதும் நடுவதுமாக இறங்கின. பறவை விஸ்கான்சினுக்கும் கனடாவின் ஒன்டாரியோவுக்கும் கூடப் பரவியது.

2019 அக்டோபரில், சுமார் 2,300 ஜோடி இருந்த நிலையில், அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். இங்கேதான் ஒரு சிக்கல். பட்டியலில் இருந்தவரை சட்டத்தின் பிடி இருந்தது. எடுத்துவிட்டால் வெட்டி நடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது யார்? ஒரு இருபது ஆண்டு நடவு நின்றால் இளங்காடே மிஞ்சாது. ஆகவே பெயரை எடுப்பதற்கு முன்பே அந்த மூன்று துறைகளும் தொடர்ந்து செய்வோம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. தனியார் பறவை அமைப்புகளும் ஆர்வலர்களும் பணத்துக்கும் ஆளுக்கும் துணை நிற்கிறார்கள். 50 ஆண்டுச் சுழற்சி என்பதால் நட்ட அதிகாரி வெட்டும்போது பதவியில் இருக்கமாட்டார். அவருக்கு அடுத்தவரும் இருக்கமாட்டார். கோப்பு மட்டும் கைமாறிக்கொண்டே போகவேண்டும்.

மேக் லேக் தீயில் முளைத்த மரங்கள் வளர்ந்துவிட்டன. அங்கிருந்த பறவைகள் எப்போதோ வேறு இளங்காடு தேடிப் போய்விட்டன. அந்த மரங்களுக்கு 2030-இல் ஐம்பது வயதாகிறது.