கரப்பான் சாயலில் வரும் புற்று

தோல் பயாப்சிகளை நுண்ணோக்கியில் பார்த்து முடிவு சொல்வது என் தொழில். அந்தத் தொழிலுக்குத் தாய்வீடு என்று நான் நினைப்பது பாரிஸிலுள்ள சேன் லூயி மருத்துவமனையை. கொள்ளைநோய் கண்டவர்களை ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்க 1607இல் நான்காம் ஹென்றி மன்னர் கட்டத் தொடங்கிய இடம் அது. 1801இல் தோல் நோய்களுக்கென்று மாற்றினார்கள். அந்த ஆண்டே பணிக்கு வந்த அலிபேர் என்ற மருத்துவர், முற்றத்து மரத்தடியில் நோயாளிகளை நிறுத்தி, கூடியிருந்தவர்களுக்குப் பாடம் நடத்தினார்.

அவரிடம் வந்த ஒருவருக்கு உடலெங்கும் காளான் போன்ற கட்டிகள். 1806இல் அலிபேர் அதை எழுதிவைத்தார். 1832இல் ‘மைகோசிஸ் ஃபங்காய்டிஸ்’ என்று பெயரிட்டார். அது பூஞ்சைத் தொற்று அல்ல. தோலில் குடியேறும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்களின் புற்று. லிம்ஃபோமா எனப்படும் நிணநீர்ப் புற்றுகளில் தோலில் தோன்றுபவற்றுள் பரவலாகக் காணப்படுவது.

அலிபேர் கண்டது நோயின் கடைசிக் கட்டத்தை. அதே மருத்துவமனையின் பஸேன், 1870இல் அதன் முழுப் பாதையையும் வரிசைப்படுத்தினார்: முதலில் சிவந்த திட்டு, பிறகு தடித்த படை, கடைசியில் கட்டி. முதல் கட்டம் பார்வைக்குக் கரப்பான்தான். அரிக்கும், செதில் உதிரும், மாதக்கணக்கில் அடங்கியிருந்து மறுபடி கிளம்பும். இந்த நோயைப் பற்றிய சிக்கல் முழுவதும் அந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது.

கண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதை அந்த மருத்துவமனை மெல்லக் கற்றது. முதலில் கண்ணுக்குத் தெரிந்ததைப் பதிவுசெய்ய, காகிதக்கூழில் பழங்கள் செய்துகொண்டிருந்த பரேத்தா என்ற கைவினைஞரை அழைத்துவந்து, நோயுற்ற தோலை மெழுகில் வார்க்கச் செய்தார்கள். 1889இல் திறந்த அந்த அருங்காட்சியகத்தில் இன்று 4,000க்கும் மேற்பட்ட மெழுகு வார்ப்புகள் உள்ளன. ஆனால் அந்தக் காலத்திலேயே தாரியே என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் மேல்தோலுக்குள் டி செல்கள் கூடுகட்டியிருப்பதைக் கண்டார். அவை பின்னாளில் போத்ரியே பெயரால் அழைக்கப்பட்டன. இன்றும் ஸ்லைடில் நான் முதலில் தேடுவது அந்தக் கூடுகளைத்தான். 1938இல் செசாரி, உடல் முழுதும் சிவந்துபோனவர்களின் இரத்தத்திலும் விகார வடிவ செல்களைக் காட்டினார்.

மருந்துகளின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. 1952இல் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு வந்தது. கரப்பான்காரர்களுக்கு அது வரம். ஆனால் புற்றின் தொடக்கத் திட்டும் அந்தக் களிம்புக்குத் தற்காலிகமாக அடங்கும். 2000இன் இறுதியில் கரப்பானுக்கான டாக்ரோலிமஸ் களிம்புக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. 2006இல் லிம்ஃபோமா பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை அதன் உறையில் ஏறியது. பின்னர் அதைப் பூசிய ஏறக்குறைய 8,000 சிறுவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். எதிர்பார்த்த அளவைவிடப் புற்று மிகுந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. மருந்து புற்றை உண்டாக்கியதா, முன்பே இருந்த புற்றுக்குக் கரப்பான் என்று பெயர் சொல்லி அதைப் பூசினார்களா என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

அதே கேள்வி கரப்பானுக்கென்று 2017இல் வந்த டூபிலுமாப் ஊசியோடு திரும்பியது. இன்டர்லூக்கின் 4, 13 என்னும் இரண்டு செய்தி மூலக்கூறுகளை அது தடுக்கிறது. இரவெல்லாம் சொறிந்து தூக்கமிழந்தவர்கள் அதனால் மறுபடி உறங்கினார்கள். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 2020இல் ஒரு கட்டுரை, இந்த ஊசிக்குப் பிறகு தோல் டி செல் லிம்ஃபோமா முன்னேறிய 7 பேரின் விவரங்களைத் தொகுத்தது. பெரிய மருத்துவப் பதிவுகளை அலசிய பிந்தைய ஆய்வுகளும், ஊசி போட்டவர்களிடம் இந்தப் புற்று கூடுதலாகக் கண்டறியப்படுவதாகச் சொல்கின்றன. மறைந்திருந்ததை ஊசி வெளிக்கொணர்ந்ததா, ஏற்கெனவே இருந்ததைத் தூண்டியதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஒன்றை மறக்கக்கூடாது: இந்தப் புற்று மிக அரிது. அமெரிக்காவில் பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 6 பேர்தான்.

என் மேசைக்கு வரும் சீட்டுகளில், ‘கரப்பான், கட்டுப்படவில்லை’ என்ற வரி அடிக்கடி வரும். பெரும்பாலும் அது கரப்பானாகவே இருக்கும். ஆனால் தொடக்க நிலைப் புற்று ஒரே பயாப்சியில் பிடிபடாமல் போகலாம். இரண்டு மூன்று இடங்களிலிருந்து, சில மாதம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும். டி செல்கள் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து பெருகியவையா என்று மரபணுச் சோதனையும் தேவைப்படும். களிம்பு பூசிய தோலில் தடயம் மங்கிவிடும் என்பதால், மருத்துவர் சொன்னால் சில வாரம் அதை நிறுத்திவிட்டு வருவது நல்லது.

ஊசிக்குப் பயந்து யாரும் தாமாக அதை நிறுத்த வேண்டாம். சிறு வயதில் ஒவ்வாமையோ கரப்பானோ இல்லாமல் நடுவயதுக்கு மேல் கரப்பான் முதன்முறை வந்ததா? வெயில் படாத இடுப்பு, பிட்டம், தொடைப் பகுதிகளில் திட்டுகள் நிலைத்திருக்கின்றனவா? அப்படியானால் முதல் ஊசிக்கு முன்பே பயாப்சி பற்றிக் கேளுங்கள். ஊசி தொடங்கிய பிறகு தோல் மோசமானாலோ நெறிகட்டினாலோ, அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்லி மறுபடி பயாப்சி எடுக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. நோயாளியின் உரிமை அது.