கருவியும் குரலும்

கொழும்பு பம்பலப்பிட்டியில், காலி வீதியோரமாக, கணினிக் கடைகள் நிறைந்த யூனிற்றி பிளாசா என்ற கட்டடம் இருக்கிறது. மாலை வேளையில் அங்கு போனால், வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்த இளைஞர்கள் கண்ணாடிப் பெட்டிகளின் முன் நின்று விவாதிப்பதைக் கேட்கலாம். எந்தக் கையடக்கத் தொலைபேசியின் மின்கலம் அதிக நேரம் தாங்கும், எதன் கமெரா இரவிலும் தெளிவாகப் படம் பிடிக்கும், எந்த இணையச் சேவை இன்று இலவசமாக வந்து நாளை காசு கேட்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். சங்கீத ரசிகர்கள் ராகத்தைப் பற்றிப் பேசுவதுபோல் இவர்கள் கருவிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். இதைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. புதிய கருவியைக் கழற்றிப் பார்க்க ஆசைப்படும் மனம் ஆரோக்கியமான மனம். ஆனால் அந்த விவாதத்தில் ஒரு கேள்வி மட்டும் எழக் காணோம். இந்தக் கருவிக்குள்ளே யாருடைய குரல் போகிறது? அந்தக் குரலை நிறுத்தும் விசை யார் கையில் இருக்கிறது? இதே காலி வீதியின் கடந்த நாற்பது ஆண்டுச் சரித்திரத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது.

கருவிப் பிரியர்களில் கொழும்பு கண்ட மிகப் பெரியவர் ஆர்தர் சி. கிளார்க். பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தினால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்ற ஆங்கிலச் சஞ்சிகையில் எழுதியவர் அவர். 1956இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008இல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். இந்தியா 1975இல் தன் கிராமங்களுக்குச் செய்மதி வழியே தொலைக்காட்சிக் கல்வி அளிக்கும் பரிசோதனையைத் தொடங்கியபோது, அந்த அலைகளை வாங்கும் பெரிய அலைவாங்கி ஒன்று அவருடைய இல்லத்திலும் பொருத்தப்பட்டது. இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே 1979இல்தான் தோன்றியது என்பதை நினைத்தால், அந்த வீட்டின் விசேஷம் விளங்கும். 1982இல் வெளிவந்த தமது நாவலொன்றை அவர் கணினியிலேயே எழுதி, ஒரேயொரு தகட்டில் அடக்கி நியூயோர்க்குக்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செய்மதி நிலையத்தின் வழியாகப் போயின. அந்த நாவல் திரைப்படமானபோது, 1983இன் பிற்பகுதி தொடங்கி, அவரும் ஹொலிவூட் நெறியாளர் பீற்றர் ஹயம்ஸும் ஆளுக்கொரு கைப்ரோ கணினியை வைத்துக்கொண்டு, தொலைபேசிக் கம்பி வழியாகக் கடிதம் பரிமாறினார்கள். அந்தக் கடிதங்கள் பின்னர் தனி நூலாகவே வெளிவந்தன. மின்னஞ்சல் என்ற சொல்லையே நம்மவர் கேட்டிராத காலம் அது.

தொடர்புச் சாதனங்கள் பெருகினால் தேச எல்லைகள் பொருளற்றுப் போகும், உண்மையை மூடிவைக்க எந்த அரசாலும் இயலாது என்பது கிளார்க்கின் நெடுங்கால நம்பிக்கை. நல்ல மனிதரின் நல்ல நம்பிக்கை அது. 1983ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகத் தொடர்பாடல் ஆண்டாகப் பிரகடனம் செய்திருந்ததும் அதே நம்பிக்கையில்தான்.

அந்த 1983 யூலை 25 திங்கட்கிழமை வெள்ளவத்தை எரிந்தது. கிளார்க்கின் இல்லம் இருந்த கறுவாத்தோட்டத்துப் பார்ன்ஸ் பிளேசிலிருந்து வெள்ளவத்தை சில கிலோமீற்றர் தூரமே. வந்த கும்பல்களின் கையில் செய்மதியும் இல்லை, கணினியும் இல்லை. வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த இலக்க வீட்டில் தமிழர் குடியிருக்கிறார் என்பதை அச்சிட்ட காகிதம் சொல்லிற்று. தகவலைத் திரட்டி, வரிசைப்படுத்தி, வேண்டியபோது எடுத்துப் பயன்படுத்துவதைத்தான் இன்று தகவல் தொழில்நுட்பம் என்கிறோம். அந்த வரைவிலக்கணப்படி பார்த்தால், கொழும்புத் தமிழன் முதன்முதலில் அனுபவித்த தகவல் தொழில்நுட்பம் அந்த இடாப்புத்தான். நாட்டுக்கு அப்போது புதுமையாக இருந்த தொலைக்காட்சியோ நான்காம் நாள், யூலை 28ஆம் திகதி, ஜனாதிபதி ஜயவர்த்தனாவின் உரையைக் காட்டியது. வீடிழந்தவர்களுக்கும் உயிரிழந்தவர்களுக்கும் அதில் ஓர் அனுதாப வார்த்தை இல்லை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமிலும் இரத்மலானை விமான நிலையத்துக் கொட்டகைகளிலும் கிடந்தவர்கள், யாழ்ப்பாணத்து உறவினருக்குத் தாம் உயிரோடிருக்கும் செய்தியைச் சொல்ல வழியின்றி, காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். கிளார்க் மீது பழி சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே நகரில், ஒரே ஆண்டில், ஒரு வீட்டிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கடிதம் பறந்தது. பல ஆயிரம் வீடுகளிலிருந்து அடுத்த தெருவுக்குக்கூட ஒரு சொல் போகவில்லை. விஞ்ஞானத்தின் முன்னேற்றத்தைக் கணக்கிடுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அதன் பின்னர் தமிழர் உலகெங்கும் சிதறினர். ரொறன்ரோவும் இலண்டனும் பாரிசும் சூரிச்சும் யாழ்ப்பாணத்து வீடுகளில் அன்றாடம் புழங்கும் பெயர்களாயின. 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டதும் வடக்கே தொலைபேசியும் மின்சாரமும் அற்றுப்போயின. மகனின் குரலைக் கேட்க விரும்பிய தாய் என்ன செய்வாள்? கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்து, வவுனியாவில் அனுமதிச் சீட்டுக்கு நாட்கணக்கில் நின்று, கொழும்புக்கு வர வேண்டும். வந்தவர்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்த விடுதிகளில் தங்கினார்கள். காலி வீதி நெடுகிலும், ஜம்பட்டா வீதியிலும், சனங்கள் ‘கொமினிகேஷன்’ என்று அழைத்த சிறு கடைகள் முளைத்தன. இரண்டு மூன்று பலகைக் கூண்டுகள், ஒரு மணிக்கூடு, நிமிடக் கணக்கைக் காட்டும் ஒரு பெட்டி. கடை என்றால் இவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கூண்டுக்குள் பேசுவது வெளியே எல்லோருக்கும் கேட்கும். கலியாணப் பேச்சு, ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்த பணம், செத்துப்போனவரின் பெயர் யாவும் அந்தப் பலகைகளுக்கிடையே ஒலித்தன. நமது சிறுகதை எழுத்தாளர்கள் இந்தக் கூண்டுகளைப் பற்றி இன்னும் போதிய அளவு எழுதவில்லை என்பது நமது குறை.

கொழும்புக்கு வர முடியாதவர்களின் கதை வேறு. பொருளாதாரத் தடையின் கீழ் வடக்கே கொண்டுபோகக் கூடாத பொருட்களில் மின்கலமும் ஒன்று. சுவர்க் கடிகாரத்துக்கும் கைவிளக்குக்கும் போடும் அந்தச் சிறிய உருளைதான்! சனங்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார்கள். ஒருவர் மிதியைக் கையால் சுழற்ற, சக்கரத்தோடு உராய்ந்த டைனமோவிலிருந்து வானொலிப் பெட்டிக்கு மின்சாரம் போயிற்று. சுற்றியிருந்தவர்கள் பி.பி.சி. தமிழோசையின் செய்தியைக் கேட்டார்கள். சுழற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். உடனே அடுத்தவர் கைகொடுப்பார். காவிச்செல்லும் கருவிகளைப் பற்றி உலகில் எத்தனையோ பேர் அபிப்பிராயம் எழுதியிருக்கிறார்கள். வானொலியின் உண்மையான மதிப்பை அந்தச் சக்கரத்தைச் சுழற்றிய கைகளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

இவ்வளவும் நடந்த நாட்டில்தான் 1989இல், தெற்காசியாவிலேயே முதன்முதலாக, கையடக்கத் தொலைபேசிச் சேவை ஆரம்பமாயிற்று என்பதையும் மறக்கக் கூடாது. 1995இல் வர்த்தக ரீதியான இணையச் சேவையும் வந்தது. தொடக்கத்தில் இவை வசதி படைத்தோரின் ஆபரணங்கள். வந்த அழைப்புக்கும் காசு கட்டிய காலம் அது. யாழ்ப்பாணத்து வீதிகளில் கையடக்கத் தொலைபேசியைக் காண 2002 போர்நிறுத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது.

வந்த கருவிகளும் தமிழ் பேசவில்லை. நமது மக்கள் ‘பாமினி’ எழுத்துருவில் தட்டச்சுச் செய்தார்கள். பெறுபவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் திரையில் தெரிவது கோழி கிளறிய முற்றம்தான். தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமென்றால் ‘சுகமா’ என்பதை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். பெருங்கம்பெனிகளுக்குத் தமிழன் பொருளை வாங்குகிறவன்; அவனுக்கு ஒரு மொழி இருப்பது கணக்கில் வரவில்லை. இந்த ஊமைத்தனத்தை உடைத்தவர்கள் தமிழர்களே. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியாகி, கைத்தொலைபேசியில் தமிழ் எழுத வழி செய்தது. அதே 2005இல், இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து எவரும் இலவசமாக வாசிக்கும்படி இணையத்தில் வைக்கும் ‘நூலகம்’ என்ற முயற்சி தொடங்கியது. சம்பளத்தையும் விளம்பரத்தையும் எதிர்பாராத இளைஞர்கள் பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் படம் பிடித்தார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்து சாம்பலானதை அறிந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. கருவிப் பிரியம் இப்படியும் கனியும். யூனிற்றி பிளாசா இளைஞர்கள் மேல் நமக்குள்ள நம்பிக்கைக்குக் காரணமும் இதுவே.

ஆயினும் விசை வேறு கைகளில் இருந்தது. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் பொலிசார் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளுக்குள் புகுந்து, 376 தமிழர்களைப் பஸ் வண்டிகளில் ஏற்றி நகரை விட்டு அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர், வேலை தேடி வந்தவர் என்று எல்லோரும் அதில் அடக்கம். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே மாதத்தில் ‘தமிழ்நெற்’ இணையத்தளம் இலங்கைக்குள் முடக்கப்பட்டது. விடுதிக் கதவுக்கும் இணையக் கதவுக்கும் ஒரே மாதத்தில் பூட்டு விழுந்தது தற்செயல் என்று நம்புவோர் நம்பட்டும்.

பின்னர் சமூக ஊடகங்களின் காலம் வந்தது. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோது, பகைமைப் பேச்சு பேஸ்புக் வழியாகப் பரவியது. 1983இன் இடாப்பைவிட வேகமான சாதனம் கிடைத்திருந்தது! சிங்களத்தில் எழுதப்பட்ட நஞ்சைச் சிங்களம் அறிந்து நீக்குவதற்குப் போதிய ஆட்களை அந்தக் கம்பெனி வைத்திருக்கவில்லை. விளம்பரக் காசுக்கு மொழி தடையாக இருக்கவில்லை. மனித உயிருக்குத்தான் மொழி தடையாயிற்று. இரண்டாண்டு கழித்து, 2020 மே மாதத்தில், கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அரசோ நஞ்சைப் பரப்பியவர்களைப் பிடிப்பதைவிட, எல்லோருடைய வாயையும் சேர்த்து அடைப்பதை எளிதாகக் கண்டது. 2018இல் ஒரு வாரத்துக்கு மேல் ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, விலைவாசிக்கும் மின்வெட்டுக்கும் எதிராக மக்கள் தெருவுக்கு வந்தபோது மீண்டும் முடக்கினார்கள். எதிர்ப்பு வலுக்கவே அன்றைக்கே திறந்தார்கள். 2024 சனவரியில் இணையப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் விசைக்குச் சட்டப் பிடியும் கிடைத்தது.

இடையில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனைப் பகுதியின் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில், பூசை நேரத்தில், குண்டு வெடித்தது. சாதி சமயம் பாராமல் கொழும்புச் சனங்கள் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி கொளுத்தும் கோயில் அது. அன்றே பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் யாவும் முடக்கப்பட்டன. ஒன்பது நாட்கள் அப்படியே கிடந்தன. சாதாரணத் தொலைபேசி வேலை செய்தது உண்மைதான். ஆனால் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுடன் காசு கொடுத்துப் பேசும் வழக்கத்தை நமது குடும்பங்கள் எப்போதோ விட்டிருந்தன. கொமினிகேஷன் கடைகளின் கூண்டுகள் கழற்றப்பட்டு, அந்த இடங்களில் போட்டோ பிரதியும் ‘ரீலோட்’ அட்டையும் விற்கத் தொடங்கி நெடுநாளாகியிருந்தது. உள்ளங்கைத் திரையில் தினமும் முகம் பார்த்துப் பேசிய தாய்மார் அந்த ஒன்பது நாட்களும் பழைய குறிப்புப் புத்தகத்தில் ரொறன்ரோ இலக்கத்தைத் தேடினார்கள். நிமிடத்துக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி, சுருக்கமாகப் பேசினார்கள்.