ஹிண்ட் கொடுப்பவரும் எடுத்துக்கொள்பவரும்

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு ஆங்கிலத்தின் சின்னச் சொற்கள்தான் அதிக வேலை வைக்கும். அப்படி ஒன்று 'ஹிண்ட்'. வாத்தியார் பரீட்சைக்கு முன் கொடுப்பதும் ஹிண்ட், குறுக்கெழுத்துப் புதிருக்குக் கிடைப்பதும் ஹிண்ட். பத்திரிகையில் வரும் வீட்டுக் குறிப்புகளுக்கும் அதே பெயர். தேநீரில் லேசாக ஏலக்காய் மணந்தால் அதையும் ஆங்கிலேயர் ஹிண்ட் என்பார்கள். தமிழில் நாம் சாடை, சூசகம், கோடி காட்டுவது என்று இடத்துக்குத் தக்கபடி பிரித்துச் சொல்கிறோம்.

இந்தச் சொல்லின் வேர், கையால் பற்றுவதைக் குறித்த ஒரு பழைய ஆங்கில வினைச்சொல் என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். ஷேக்ஸ்பியர் காலத்தில் அதற்கு வாய்ப்பு, தருணம் என்ற பொருளும் இருந்தது. அதாவது, கொடுப்பவரைவிடப் பிடித்துக்கொள்பவருக்கே இதில் வேலை அதிகம்.

அந்தச் சொல் பிறக்கும் முன்பே அந்தப் பழக்கம் இருந்தது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றிக்கும், ஒரு காலத்தில் அவருடைய நண்பராக இருந்த கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டுக்கும் திருச்சபை உரிமைகள் பற்றிப் பெரும் பகை. 1170 கிறிஸ்துமஸ் சமயத்தில் அரசர் நார்மண்டியில் இருந்தார். அவரும் அவருடைய பிரபுக்களும் பேசியது பிரெஞ்சுதான். தம் உப்பைத் தின்றவர்கள், தமக்கு நேர்ந்த அவமானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்களே என்ற பொருளில் கோபத்தில் கத்தினார். கொல்லுங்கள் என்று உத்தரவு போடவில்லை. நான்கு வீரர்கள் 'புரிந்துகொண்டு' கடல் கடந்தார்கள். டிசம்பர் 29 அன்று பேராயர் தம் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

நால்வரையும் போப்பாண்டவர் சபைநீக்கம் செய்தார். 1173-இல் பெக்கெட் புனிதராக அறிவிக்கப்பட்டார். மறு ஆண்டு அரசரே வெறுங்காலுடன் கேன்டர்பரிக்கு நடந்துபோய், துறவிகளிடம் கசையடி வாங்கிப் பரிகாரம் செய்தார். சாடையாகச் சொன்னவரும் தப்பவில்லை.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு இரண்டு முறை வருகிறது. 71-ஆம் அதிகாரம் அரசரை அடுத்திருப்பவர்களுக்கு, 110-ஆம் அதிகாரம் காதலர்களுக்கு. காதலில் குறிப்பைத் தவறாகப் படித்தால் ஊடலோடு போய்விடும். அரசாங்கத்தில் அப்படிப் போகாது.

என்னைப்போல் ஆபீஸில் காலம் கழித்தவர்களுக்கு இது தெரியும். "பெரியவர் விருப்பம் இப்படி" என்று காதில் விழும், கோப்பில் இருப்பதோ குமாஸ்தாவின் கையெழுத்து. அதனால்தான் 1964-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் மூன்றாவது விதி, மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், வாயால் சொன்னால் உடனே எழுதி உறுதிசெய்ய வேண்டும் என்கிறது.

இப்போது வேலையில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இந்த விதியைச் சொல்லி வையுங்கள். "எழுதிக் கொடுங்கள் ஐயா" என்று பணிவாகக் கேட்டால் பாதி ஹிண்டுகள் அங்கேயே காணாமல் போய்விடும்.