பூட்டிய பட்டியல் பிறந்த கதை

1931-ஆம் ஆண்டு. வால் ஸ்ட்ரீட் சரிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 25 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் தரநிலையையே கைவிட வேண்டியதாயிற்று. பங்கு என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் முகம் சுளித்த காலம் அது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் லண்டனில் முனிசிபல் அண்ட் ஜெனரல் செக்யூரிட்டீஸ் என்ற நிறுவனம் ஒரு புதிய திட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாட்டின் முன்னணி நிறுவனங்கள் 24. அவற்றின் பங்குகளை வாங்கி ஒரே தொகுப்பாக வைப்பார்கள். சாதாரண மக்கள் சிறு சிறு யூனிட்டுகளாக அதில் பணம் போடலாம். திட்டத்தின் உயிர்நாடி அடுத்த நிபந்தனையில் இருந்தது: 20 ஆண்டுகளுக்கு அந்தப் பட்டியலில் மாற்றம் கிடையாது. ஃபர்ஸ்ட் பிரிட்டிஷ் ஃபிக்ஸட் டிரஸ்ட் என்று அதற்குப் பெயர். பிரிட்டனின் முதல் யூனிட் டிரஸ்ட் அதுதான்.

உங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு 20 ஆண்டுகள் ஒன்றுமே செய்யமாட்டோம் என்பது ஒரு வாக்குறுதியா? அதை நம்பியும் ஜனங்கள் பணம் போட்டார்களா? போட்டார்கள். அதற்குக் காரணம் அறிய இன்னும் பின்னால் போக வேண்டும்.

மூன்று பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி

1772 முடிவில் ஆம்ஸ்டர்டாமின் பெயர்பெற்ற கிளிஃபர்ட் வங்கி நொடித்துப் போனது. அதையொட்டிப் பல வணிக வீடுகள் கடனைத் திருப்பித் தர முடியாமல் திணறின. ஒரே இடத்தில் பணத்தைக் கொட்டி வைத்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

அந்த அடி ஆறுவதற்குள், 1774 ஜூலையில், அட்ரியான் வான் கெட்விக் என்ற ஆம்ஸ்டர்டாம் தரகர் ஒரு கூட்டு நிதியைத் தொடங்கினார். ஒற்றுமையே பலம் என்ற டச்சுப் பழமொழியையே அதற்குப் பெயராக வைத்தார். 500 கில்டர் வீதம் 2,000 பங்குகள். மொத்தம் 10 லட்சம் கில்டர். அது 20 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவின் பணமும் குறைந்தது 20 முதல் 25 வெவ்வேறு கடன் பத்திரங்களில் பரவியிருக்க வேண்டும் என்று விதி. எந்தெந்த வகைப் பத்திரங்கள் என்பதும் விற்பனை அறிக்கையிலேயே அச்சிடப்பட்டிருந்தது. டென்மார்க், ஸ்வீடன், ரஷ்யா, ஸ்பெயின், ஆஸ்திரியா போன்ற அரசுகளின் கடன்கள் ஒரு பக்கம். கரீபியப் பகுதித் தோட்டங்களுக்குக் கொடுத்த கடன்கள் மறுபக்கம்.

பத்திரங்களை எங்கே வைத்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். வான் கெட்விக்கின் அலுவலகத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்கு வெவ்வேறு விதமாக இயங்கும் மூன்று பூட்டுகள். மேற்பார்வையாளர்களும் நோட்டரியும் இல்லாமல் அவர் ஒருவராக அதைத் திறக்க முடியாது. ஆண்டுதோறும் கணக்குக் காட்டவும் ஏற்பாடு இருந்தது. கணினியும் கண்காணிப்பு ஆணையமும் இல்லாத காலத்தில், முதலீட்டாளருக்குக் கிடைத்த பாதுகாப்பு இவ்வளவே: எழுதி வைத்த பட்டியல், மூன்று பூட்டு, வருடக் கணக்கு. பிறர் பணத்தைக் கையாள்பவர் எப்படிக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பெட்டி பலமாக இருந்த அளவுக்கு உள்ளே இருந்த சரக்கு பலமாக இல்லை. அடிமைகளின் உழைப்பை உறிஞ்சி நடந்த தோட்டங்களுக்குக் கொடுத்த கடன் அறத்திலும் பழுது, கணக்கிலும் பழுது. 1780-இல் இங்கிலாந்தோடு போர் மூண்டதும் கடல் வணிகம் முடங்கியது, வட்டி வருவது நின்றது, நிதி தள்ளாடியது. 1824-இல் கணக்கை முடித்து மூடினார்கள். பட்டியலைப் பூட்டினால் திருட்டைத் தடுக்கலாம். தவறான தேர்வைத் திருத்த முடியாது. இந்த வடிவத்தின் பலமும் பலவீனமும் அதன் முதல் தலைமுறையிலேயே தெரிந்துவிட்டன.

1868-இல் லண்டனில் ஃபாரின் அண்ட் காலனியல் கவர்ன்மென்ட் டிரஸ்ட் அதே வழியில் பிறந்தது. பெரும் பணக்காரருக்குக் கிடைக்கும் வாய்ப்பு நடுத்தர வருமானக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதுவும் அரசுக் கடன் பத்திரங்களைத்தான் வாங்கியது. நிறுவனப் பங்கு என்றால் சூதாட்டம், கடன் பத்திரம் என்றால் கௌரவம் என்று ஐரோப்பா நினைத்திருந்த காலம் அது. அந்த எண்ணத்தை அசைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான எட்கர் லாரன்ஸ் ஸ்மித். நீண்ட காலத்தில் பங்குகள் கடன் பத்திரங்களை முந்தியிருக்கின்றன என்று 1924-இல் அவர் எழுதிய புத்தகம் காட்டியது. லாபம் முழுவதையும் பங்கிட்டுவிடாமல் ஒரு பகுதியை நிறுவனம் தொழிலிலேயே திரும்பப் போடுகிறது. அது கூட்டு வட்டிபோலப் பெருகுகிறது என்பது அதற்கான விளக்கம். மறு ஆண்டே பொருளாதார அறிஞர் கெயின்ஸ் அந்தப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதி, பிரிட்டனில் அதைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

கைக்குப் போட்ட பூட்டு

பங்குகள் மீது நம்பிக்கை வந்ததும் அமெரிக்காவில் முதலீட்டு நிறுவனங்கள் புற்றீசல்போலக் கிளம்பின. அவற்றை நடத்தியவர்கள் பொதுமக்கள் பணத்தோடு கடனும் வாங்கிப் பங்குகளில் போட்டார்கள். உள்ளே என்ன பங்கு இருக்கிறது என்று பலர் சொல்லவே இல்லை. கோல்ட்மேன் சாக்ஸ் டிரேடிங் கார்ப்பரேஷன் 1928 இறுதியில் தன் பங்கை 104 டாலருக்கு மக்களிடம் விற்றது. 1932-இல் அதன் விலை இரண்டு டாலருக்கும் கீழே.

பணத்தை இழந்தவர்களின் ஆத்திரம் சந்தையின் மீது மட்டும் இல்லை. தம் பணத்தை இஷ்டத்துக்கு வாங்கி விற்ற மேலாளர்கள் மீதும் இருந்தது. அந்த ஆத்திரத்துக்குப் பதிலாகத்தான் ஃபிக்ஸட் டிரஸ்ட் என்ற வடிவம் அங்கே வேகமாகப் பரவியது. அது இயங்கிய விதம் எளிது. குறிப்பிட்ட நிறுவனங்களின் பங்குகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாங்கி ஒரு கட்டாகச் சேர்ப்பார்கள். அந்தக் கட்டு வங்கியின் பொறுப்பில் போய்விடும். வங்கி அதைப் பல சிறு யூனிட்டுகளாகப் பிரித்துச் சான்றிதழ் தரும். வரும் டிவிடெண்ட் யூனிட் வைத்திருப்பவருக்குப் போகும். மேலாளருக்குப் பட்டியலில் கை வைக்கும் உரிமை இல்லை.

இந்த முறைதான் லண்டனுக்கு வந்து ஃபர்ஸ்ட் பிரிட்டிஷ் ஃபிக்ஸட் டிரஸ்ட் ஆனது. அதன் பின்னணியில் இருந்தவர்களில் ஒருவர் இயான் ஃபேர்பேர்ன். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காகத் துடுப்புப் படகுப் போட்டியில் கலந்துகொண்டவர். நாட்டின் தொழில் வளர்ச்சியில் சாதாரணக் குடும்பங்களுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் மனைவி எஸ்மே 1944-இல் விமானக் குண்டுவீச்சில் இறந்தார். மனைவியின் நினைவாக 1961-இல் அவர் நிறுவிய அறக்கட்டளை பிரிட்டனின் பெரிய அறக்கட்டளைகளில் ஒன்றாக இன்றும் இயங்குகிறது.

பூட்டு தளர்ந்தது

முற்றிலும் மாறாத பட்டியல் நீண்ட நாள் கோலோச்சவில்லை. அமெரிக்காவில் பல டிரஸ்டுகள், ஒரு நிறுவனம் டிவிடெண்டை நிறுத்தினால் அந்தப் பங்கை விற்றே ஆக வேண்டும் என்று விதி வைத்திருந்தன. பொருளாதார மந்தம் முற்றியபோது நல்ல நிறுவனங்களும் டிவிடெண்டை நிறுத்தின. விலை அடிமட்டத்தில் கிடந்த நேரம் பார்த்து விற்க வேண்டிய கட்டாயம் வந்தது. பாதுகாப்புக்கென்று வைத்த விதியே கழுத்தை நெரித்தது. பிரிட்டனிலும் 1934 முதல், மேலாளருக்கு ஓரளவு சுதந்திரம் தரும் யூனிட் டிரஸ்டுகள் வந்தன. முதல் டிரஸ்டும் பின்னர் மாற்றி அமைக்கப்பட்டு வேறு பெயரில் தொடர்ந்தது.

ஆனாலும் அந்த வடிவம் சாகவில்லை. அமெரிக்காவின் 1940-ஆம் ஆண்டு முதலீட்டு நிறுவனச் சட்டம் அதை யூனிட் இன்வெஸ்ட்மென்ட் டிரஸ்ட் என்று தனி வகையாக ஏற்றுக்கொண்டது. இயக்குநர் குழு கிடையாது. எந்தப் பங்குகள் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 1935-இல் 30 நிறுவனங்களோடு தொடங்கிய கார்ப்பரேட் லீடர்ஸ் டிரஸ்ட் இதற்கு நல்ல சாட்சி. மேலாளர் புதிய பங்கு எதையும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கக் கூடாது என்ற விதியோடு அது பல தலைமுறைகளைக் கடந்தது. நிறுவனங்கள் இணைந்தும் பிரிந்தும் போனதால் பட்டியல் தானாக உருமாறியது. அதிலிருந்த சான்டா ஃபே ரயில்வே, இணைப்புகள் வழியாக 2010-இல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே பங்காகிவிட்டது. யாரும் தேர்ந்தெடுக்காமலே அது பட்டியலுக்குள் வந்து சேர்ந்தது.

இந்தியாவில் 1964-இல் யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா தொடங்கியபோது, யூனிட் என்ற பிரிட்டிஷ் வழக்கம் நம் குடும்பங்களுக்கும் வந்தது. அதன் முதல் திட்டமான யு.எஸ்-64-ஐ நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் வங்கி டெபாசிட்டைப் போலவே நம்பினார்கள். உள்ளே எந்தெந்தப் பங்கு, உண்மையான மதிப்பு எவ்வளவு என்பது மக்களுக்குத் தெரியாமலே பல ஆண்டுகள் போயின. 2001 ஜூலையில் விற்பனையையும் பணம் திரும்பப் பெறுவதையும் நிறுத்தி வைத்தபோதுதான் பலருக்கு விழிப்பு வந்தது. யூனிட்டை இரவல் வாங்கினோம்; திறந்து காட்டும் பட்டியலை வாங்க மறந்தோம்.

இன்றைய ஐரோப்பியப் பட்டியல்

கடன் குறைவாகவும் கையில் ரொக்கம் அதிகமாகவும் உள்ள ஐரோப்பிய நிறுவனங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஓரிரு ஆண்டுகளுக்கு மாற்றாமல் வைத்திருக்கும் தொகுப்புகள் இன்று இதே வடிவத்தில்தான் விற்கப்படுகின்றன. எந்த மாதிரி நிறுவனங்கள் என்று புரிந்துகொள்ள, 2020-இல் கோல்ட்மேன் சாக்ஸ் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய 11 பெயர்களைப் பார்க்கலாம்: ஜி.எஸ்.கே, ரோஷ், ஏ.எஸ்.எம்.எல், நெஸ்லே, நோவார்ட்டிஸ், நோவோ நார்டிஸ்க், லோரியால், எல்.வி.எம்.ஹெச், அஸ்ட்ராசெனிகா, சாப், சனோஃபி. மருந்து, உணவு, அழகுப் பொருள், மென்பொருள், சிப் தயாரிக்கும் இயந்திரம் என்று தொழில்கள் வேறு. உறுதியான நிதிநிலையும் தொடர்ந்து டிவிடெண்ட் தரும் சக்தியும் பொது. இவற்றின் வருமானத்தில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறது.

பிறகு என்ன ஆயிற்று? நோவோ நார்டிஸ்க் 2023-இல் ஐரோப்பாவின் மிக மதிப்புள்ள நிறுவனமாக உயர்ந்தது. 2024 நடுவிலிருந்து அதன் பங்கு விலை பாதிக்கும் மேல் சரிந்தது. அதே பட்டியலில் இருந்த சாப் ஏறி, 2025 மார்ச்சில் அந்த முதலிடத்தைப் பிடித்தது. எது விழும், எது எழும் என்று 2020-இல் யாராலும் சொல்லியிருக்க முடியாது. அதனால்தான் இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 24 பங்குகளில் தலைக்கு 1,000 ரூபாய் வீதம் 24,000 ரூபாய் போடுகிறீர்கள். ஒன்று பூஜ்யமானால் போவது 1,000 ரூபாய். இன்னொன்று பத்து மடங்கானால் கூடுவது 9,000 ரூபாய். இழப்புக்கு எல்லை உண்டு, வளர்ச்சிக்கு இல்லை. லாபம் வந்த பங்கை அவசரப்பட்டு விற்காமல் காப்பாற்றுவது அந்தப் பூட்டுதான்.

ஆனால் வலு என்பது நிரந்தரச் சொத்து இல்லை. 1856-இல் தொடங்கிய கிரெடிட் சுவிஸ் வங்கி 2023-இல் யு.பி.எஸ் வங்கியின் கைக்குப் போனது. ஜெர்மனியின் முன்னணிக் குறியீட்டில் 2018-இல் இடம்பிடித்த வயர்கார்டு, கணக்கில் காட்டிய பணமே இல்லை என்று தெரிந்து 2020-இல் திவாலானது. இப்படி ஒரு பெயர் பட்டியலுக்குள் வந்துவிட்டால், பூட்டு அதையும் சேர்த்தே காக்கும்.

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி விதி அனுமதிக்கிறது. வெளிநாட்டுப் பங்கு முதலீடும் அதில் அடங்கும். ஆனால் யூரோ, பவுண்டு, சுவிஸ் ஃபிராங்க் ஆகியவற்றின் ஏற்ற இறக்கம் உங்கள் லாபத்தைத் தொடும். சுவிட்சர்லாந்து நிறுவனங்கள் தரும் டிவிடெண்டில் 35 சதவீதத்தை அங்கேயே வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். ஒப்பந்தப்படி உரிய தொகையைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க வேண்டும்.

பணம் போடும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பட்டியல் முழுவதும் எழுத்தில் இருக்கிறதா? ஒவ்வொரு நிறுவனமும் தன் வட்டிச் செலவைப்போல எத்தனை மடங்கு சம்பாதிக்கிறது? எந்தச் சூழ்நிலையில் ஒரு பங்கை வெளியேற்றுவார்கள்? தொகுப்பின் காலம் முடிந்ததும் எந்தக் கட்டணத்தில், என்ன மதிப்பில் உங்கள் பணம் திரும்பும்? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மாறாத பட்டியலில் முதல் நாள் செய்யும் தேர்வே கடைசித் தேர்வும். உழைப்பு முழுவதையும் அந்த ஒரு நாளுக்கு முன்பே செய்து முடித்துவிடுங்கள்.