அளவுக்கு அகப்படாத புயல்

உலகில் எங்கெங்கே எவ்வளவு மழை பெய்தது, எத்தனை வேகமாகக் காற்று வீசியது என்று எழுதி வைத்திருக்கும் ஏடுகளைப் புரட்டுவோமானால், 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை முடிய ஒரே ஆண்டில் 2,646 செ.மீ. மழையைக் கண்ட சிரபுஞ்சியும், 1996 ஏப்ரல் 10-ஆம் தேதி மணிக்கு 408 கி.மீ. வேகத்தில் வீசிய காற்றைத் தாங்கிய ஆஸ்திரேலியாவின் பாரோ தீவும் முதன்மையான இடம் பெற்றிருக்கக் காண்போம். இராமநாதபுரம் மாவட்டத்தில் நம் கீழக்கரைக்குக் கிழக்கே, மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் இருந்த தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் அழித்த புயலுக்கோ அவ்வாறான நிச்சய எண் கிடையாது. மணிக்கு 280 கி.மீ. என்று நூல்கள் கூறுவது மதிப்பீடேயன்றிக் கருவி காட்டிய கணக்கன்று. பாரோ தீவில் கருவி பிழைத்திருந்து சாட்சி சொல்லிற்று. நம் கரையில் சாட்சி சொல்ல எஞ்சியவர்கள் மனிதர்களே. அவர்களுடைய சாட்சியத்தையும் வானிலைச் சரித்திரத்தின் அங்கமாக நாம் கொள்ள வேண்டும்.

இக்கரையின் மக்கள் காற்றை அறியாதவர்கள் அல்லர். பாண்டியர் காலந்தொட்டுத் துறைமுகமாக விளங்கி, முத்தும் சங்கும் குளித்தெடுத்து, பதினேழாம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதியின் மரக்கலங்களைக் கடல்மேல் அனுப்பிய கீழக்கரையில், வாடை எப்போது தொடங்கும், கச்சான் எப்போது எழும் என்னும் ஞானமே வாணிபத்துக்கு முதலாக இருந்தது. இராமேஸ்வரத் தீவின் மீனவர்கள் பாக் ஜலசந்திப் பக்கத்தை வடகடல் என்றும் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் பிரித்து, வாடை அடிக்கையில் தென்கடலிலும் கச்சான் அடிக்கையில் வடகடலிலும் வலை வீசி, நிலத்தின் மறைவையே தமக்கு அரணாக்கிக் கொண்டவர்கள். ஆனால், ஆண்டுதோறும் முறை தவறாமல் வரும் காற்றுகளைக் கொண்டு தேர்ந்த இந்த அறிவு, முறை கடந்து வந்த ஒரு புயலின் முன்னே கைகொடுக்கவில்லை.

அப்புயல் பிறந்த இடமே அபூர்வமானது. பூமியின் சுழற்சி காற்றுக்குத் தரும் திருகுவிசை பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் குறைந்துவிடுவதால், அப்பிரதேசத்தில் புயல் உருவாவது அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே, ஏறக்குறைய 1.4 பாகை வட அட்சரேகையில் உருவான வாமெய் புயல் இன்றளவும் விசேஷமாகப் பேசப்படுவது இதனாலேயே. 1964-ஆம் ஆண்டின் புயல் தெற்கு அந்தமான் கடற்பகுதியில், 5 பாகை அட்சரேகையை ஒட்டித் தோன்றி, மேற்கு நோக்கி விரைந்து, 22-ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, உக்கிரம் தணியாமலே பாக் ஜலசந்தியில் இறங்கிற்று. ஆழம் குறைந்த அக்கடலில், காற்று தள்ளிய நீர் அடியாகத் திரும்பிச் செல்ல வழியில்லாமல் கரைமேல் குவிந்துவிடும். இரு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிய மணல்திட்டாக நீண்டு கிடந்த தனுஷ்கோடியின்மேல் அலைகள் ஏழு மீட்டர் உயரம் எழுந்தன என்பர்.

சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து இறங்கும் பிரயாணிகள், இர்வின், கோஷன் என்னும் நீராவிக் கப்பல்களில் தலைமன்னாருக்குச் செல்லும் துறையாக இருந்தது அவ்வூர். அன்றிரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், 110 பயணிகளோடும் 5 ஊழியர்களோடும், தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் கடலுக்கு இரையாயிற்று. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் 145 இரும்பு கர்டர்களுள் 126 அடித்துச் செல்லப்பட்டன. ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் மீண்டது, ஊர் மீளவில்லை. வசிக்கத் தகாத இடமென்று அரசு அறிவித்த அம்மண்ணில், மாதா கோவிலின் கூரையற்ற சுவர்கள் இன்னும் நிற்கின்றன. பூச்சு உதிர்ந்த இடங்களில், கட்டுமானத்துக்குக் கடலிலிருந்து எடுத்த பவழக்கல்லின் நுண்ணிய கண்ணறைகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன.

எச்சரிக்கை முறை என்பதே நம் நாட்டில் பெருந்துயரத்தின் விளைவாகப் பிறந்தது. 1864-இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியபின், மறு ஆண்டே அத்துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு செய்யப்பட்டது. 1875-இல் இந்திய வானிலைத் துறை தோன்றிற்று. பகலில் கம்பத்தில் ஏறும் கூண்டுகளும், இரவில் சிவப்பும் வெள்ளையுமாகத் தொங்கும் விளக்குகளும், பாம்பன் துறைமுகத்தில் இன்றும் மீனவரோடு பேசும் மொழியாக இருக்கின்றன. 1 முதல் 11 வரையுள்ள அவ்வடையாளங்களில் 10-ஆம் எண் பேரபாயத்தைச் சொல்வது. 11-ஆம் எண்ணோ, எச்சரிக்கை நிலையத்தோடு இருந்த தொடர்பே அறுந்துவிட்டது என்பதைச் சொல்வது. செய்தி வராமையையே கடைசி அபாயமாக வைத்த அம்முறையின் நியாயத்தை 1964-ஐ அறிந்த கரையைவிட யார் நன்குணர்வர்?

ஆகவே அளவை என்பது பெருமைக்காக அன்று, உயிர்க்காவலுக்காகவே ஏற்பட்டது. பாம்பனின் பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்தும்படி சிக்னலோடு காற்றுமானி இணைக்கப்பட்டிருந்தது. 653-ஆம் எண் ரயிலுக்குக் கிட்டாத காவல் அது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல், 1964-இன் பாதையைப் போலவே இலங்கையைக் கடந்து பாம்பனை நெருங்கியபோது, மீனவர்கள் முன்கூட்டியே கரையில் நிறுத்தப்பட்டிருந்தனர். புயலோ வளைகுடாவிலேயே வலுவிழந்தது. 2024 நவம்பர் 20-ஆம் தேதி பாம்பனில் 3 மணி நேரத்தில் 19 செ.மீ. மழை கொட்டியதும், இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேற்பட்டதும் ஏட்டில் ஏறியிருக்கின்றன. வறட்சிக்குப் பெயர்பெற்ற இராமநாதபுரம் மாவட்டம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி அது.

1964-இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். எத்தெருவரை நீர் வந்தது, சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது, காற்று எத்திசையிலிருந்து எத்திசைக்குத் திரும்பியது என்பவற்றை, கீழக்கரை முதல் தங்கச்சிமடம் வரையுள்ள பள்ளிகளும் ஜமாஅத்துகளும் மீனவர் சங்கங்களும் அவர்களிடம் கேட்டு, இடமும் நேரமும் குறித்து எழுதி வைத்தல் அவசியம். நீரெல்லை எங்கிருந்தது என்று தெரிந்தால்தான், புயல் காப்பகத்தை எந்த மேட்டில் கட்டுவது, வீட்டின் தரையை எவ்வளவு உயர்த்துவது என்று நிர்ணயிக்க இயலும். அந்த இரவுக்குக் கருவியின் எண் இல்லையென்பதற்காக, அதைக் கண்டவர்களின் சொல்லையும் இழந்துவிட நமக்கு உரிமையில்லை.